காவலுக்கு நிற்கும் துப்பாக்கி



செம்பூரில் வாழும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். தரைப்படையில் 17 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். இப்போது ஆயுதம் தாங்கிய காவலாளியாக ஒரு நிறுவனத்தில் சேரும் எண்ணத்துடன் இருக்கிறார். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் உடையவருக்குச் சம்பளம் சற்று மிகுதி என்று அங்கே சொன்னார்களாம். "குறைந்த விலையில் நம்பத் தகுந்த துப்பாக்கி எது? ஒரு முறை சுட்டவுடன் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் வெளிநாடுகளில் மலிவாகக் கிடைக்கின்றன என்கிறார்களே, அவற்றை நம்பலாமா?" என்பது அவர் வினா.

இவ்வினா அவர் ஒருவருக்கே உரியது அன்று. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களில், வங்கி வாயிலிலோ நகைக்கடை வாயிலிலோ பண வண்டியிலோ காவல் நின்று குடும்பத்தைக் காப்பவர் இருக்கின்றனர். அவர் கையில் உள்ள கருவி வேண்டிய வேளையில் இயங்கவில்லையாயின் அவர் உயிருக்கு ஆபத்து. வேண்டாத வேளையில் இயங்கிவிட்டால் எதிரே நிற்கும் ஏதுமறியாதவர் உயிருக்கு ஆபத்து. ஆகவே இதனை இம்மாதம் இப்பக்கத்தில் விரிவாக எழுத முற்பட்டோம். நாம் படைக்கலம் பயின்றவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வாழ்பவர். எனினும் ஒரு கருவியை நம்பலாமா என்பது பெரும்பாலும் கணக்கைப் பற்றிய கேள்வியே என்பதை நேயர்கள் போகப் போகக் காண்பீர்கள்.

முதலில் சட்டம்

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும் துப்பாக்கி வைத்திருப்பதை ஒழுங்கு செய்கின்றன. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் அவ்விதிகளில் கட்டுப்பாடு மிகுந்த வகையில் வைக்கப்பட்டுள்ளன. மாவட்டங்களில் ஆட்சியரும் மும்பையில் காவல் ஆணையரும் வழங்கும் சாதாரண உரிமத்தைக் கொண்டு அவற்றை வாங்க இயலாது. ஆதலின் மலிவு விலை அரைத் தானியங்கி என்னும் பேச்சு நம் அன்பரைப் பொறுத்தவரை கடைக்குப் போகுமுன்னரே முடிந்துவிடுகிறது. சாதாரண உரிமத்தில் அவர் எதிர்நோக்கக் கூடியவை 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி, ஒற்றைக் குழல் துப்பாக்கி, கையால் முன்பின் இழுத்து இயக்கும் பம்ப் துப்பாக்கி ஆகியவையே.

உரிமம் பற்றி இன்னும் இரு சொற்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்துள்ளது. உரிமத்தில் அது எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டது, எந்த எல்லைக்குள் செல்லும் என்பவையும் எழுதப்பட்டிருக்கும். தற்காப்புக்காகத் தமிழ்நாட்டில் பெற்ற உரிமத்தை எடுத்துக்கொண்டு மும்பையில் பிறருடைய சொத்துக்குக் காவல் நிற்கலாம் என்று தாமே முடிவு செய்துகொள்வது அறிவுடைமை ஆகாது. காவல் ஆணையர் அலுவலகத்தில் படைக்கல உரிமப் பிரிவில் எழுத்தால் கேட்டு, எழுத்தால் விடை பெற்ற பிறகே சேர வேண்டும். வழக்கு என்று வந்தால் நிறுவனத்தார் வழக்கறிஞருடன் வருவர். காவலாளி தனியே நிற்பார்.

மூவகைத் துப்பாக்கிகள்

12 போர் என்பதன் பொருளைப் பலர் அறியார். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அவ்வளவு பருமனுள்ள குழாய் உடையது 12 போர். 20 போர் என்றால் 20 உருண்டை. ஆகவே அதன் குழாய் சிறியது. இச்சிறு கணக்கு பின்னர்ப் பயன்படும்.

இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஏற்றுவதும் வெறுந்தோட்டாவை நீக்குவதும் மனிதர் கையின் வேலை. இரு குழல்களுக்கும் தனித்தனியே பொறி உண்டு. இரண்டு முறை சுட்டதும் வேலை முடிந்தது. மீண்டும் திறந்து ஏற்ற வேண்டும். பம்ப் துப்பாக்கியில் பல தோட்டாக்கள் உள்ளே இருக்கும்; முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் பழையது வெளியேறிப் புதியது ஏறும். அரைத் தானியங்கியில் இந்த வேலையையும் தோட்டாவின் ஆற்றலே செய்கிறது.

அமெரிக்கரான ஜான் பிரௌனிங் என்பார் இவ்வகையில் முதன்முதல் வெற்றி கண்டவர். அவருடைய துப்பாக்கியை 1902-ஆம் ஆண்டு முதல் பெல்ஜியம் நாட்டுத் தொழிற்சாலை செய்து விற்றது. சுட்டவுடன் குழலும் அடைப்பும் சேர்ந்தே பின்னே நகரும்; அந்த நகர்ச்சியில் அடுத்த தோட்டா ஏறும். வலுவான தோட்டாவுக்கு ஒரு விதமாகவும் மெலிந்த தோட்டாவுக்கு வேறு விதமாகவும் உள்ளே உள்ள உராய்வு வளையங்களை மாற்றி அமைக்க வேண்டும். மாற்ற மறந்தால் ஒன்று தோட்டா சிக்கும், அல்லது துப்பாக்கி தன்னையே இடித்துத் தேயும். பின்னர் வந்த வகை ஒன்றில் குழலில் சிறு துளை இட்டு, வெடித்த வாயுவைக் கொண்டு உள்ளே ஒரு தண்டைத் தள்ளுகிறார்கள். அங்கே புகைக்கரி படியும், துடைக்காவிட்டால் இயக்கம் மந்தமாகும். 1967-இல் தோன்றிய பெனெல்லி என்னும் இத்தாலிய நிறுவனம் பரப்பிய மற்றொரு வகையில் துப்பாக்கி பின்னே உதைக்கும் வேகமே வேலை செய்கிறது. அதற்கு மெலிந்த தோட்டா போதாது, தோளில் உறுதியாகப் பிடிக்கவும் வேண்டும்.

அன்பர் கேள்விப்பட்ட மலிவுத் துப்பாக்கிகளுள் பெரும்பகுதி துருக்கி நாட்டுச் சரக்கு. அங்கே கொன்யா மாகாணத்தில் பெய்ஷெஹிர் ஏரியை அடுத்த ஹூலு, உசும்லு என்னும் ஊர்களில் துப்பாக்கித் தொழில் குடிசைத் தொழில்போல் வளர்ந்து, இன்று உலகெங்கும் ஏற்றுமதி ஆகிறது. இறக்குமதி செய்வோர் தத்தம் பெயரைப் பொறித்து விற்பர். ஒரே பட்டறையில் பிறந்தவை பல பெயரில் வரும். ஒரே பெயரில் பல பட்டறைச் சரக்கும் வரும். ஆகவே பெயரைக் கொண்டு மட்டும் தரத்தை அறிய இயலாது.

விலை குறையும்போது எது குறைகிறது? குழல் பெரும்பாலும் குறைவதில்லை. அது வெடிக்கக் கூடாதென்று பல நாடுகளில் சோதிக்கிறார்கள். லண்டனில் அதற்கென ஒரு சோதனைச் சாலை 1637 முதல் இயங்குகிறது. வழக்கத்தைவிட வலிய தோட்டாவை வெடித்துப் பார்த்து முத்திரை குத்துவர். ஆனால் அம்முத்திரை குழல் தாங்கும் என்பதற்கே சான்று. பொறி தவறாது இயங்கும் என்பதற்குச் சான்று அன்று. விலை குறைந்தால் மெலிவது ஸ்பிரிங்கின் எஃகு, சிறு உறுப்புகளைக் காய்ச்சிப் பதமிடும் நேர்த்தி, விளிம்புகளை இழைக்கும் உழைப்பு, கடைசியில் பார்த்துக் கழிக்கும் கண்காணிப்பு ஆகியவை. உறுப்புகள் பலவாகவும் ஒன்றை ஒன்று சார்ந்தும் இருக்கும் கருவியில் இம்மெலிவு உடனே தெரியும். உறுப்புகள் சிலவாகிய கருவியில் அவ்வளவாகத் தெரியாது. மலிவு என்பதாலேயே ஒன்று கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. மாஸ்பெர்க் 500 என்னும் அமெரிக்கப் பம்ப் துப்பாக்கி விலை குறைந்த சரக்கே. எனினும் முழு வலுவுள்ள 3000 தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கும் அந்நாட்டுப் படைத்துறையின் கடுஞ்சோதனையில் அது தேறியது. அதன் நற்பெயர் இந்தச் சோதனையால் வந்தது, விலையால் வந்தது அன்று.

20 தோட்டாக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். துப்பாக்கி வாங்கியவர் 20 தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கிறார், ஒன்றும் தவறவில்லை, "நம்பகமான துப்பாக்கி" என்று நண்பரிடம் சொல்கிறார். அவர் சொல் எவ்வளவு பெறும்?

சராசரியாக 20 முறைக்கு ஒரு முறை தவறும் மோசமான துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அத்தகைய 100 துப்பாக்கிகளை 100 பேரிடம் கொடுத்து 20 முறை சுடச் சொன்னால், ஏறக்குறைய 36 பேர் ஒரு தவறும் காணமாட்டார்கள். 50 முறைக்கு ஒரு முறை தவறுவதாயின் 67 பேர் குறை காணாமல் திரும்புவர். அந்த 36 பேரும் 67 பேரும் பொய்யர் அல்லர், கண்டதையே சொல்கிறார்கள். கண்டது போதாது என்பதே குறை. தவறு 100-க்கு ஒன்றுக்கும் குறைவு என்று ஓரளவு துணிந்து கூற வேண்டுமானால் தொடர்ந்து 300 முறை குறையின்றிச் சுட்டிருக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் நன்மொழியையும் பக்கத்து வீட்டுக்காரர் தரும் சான்றிதழையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். எத்தனை முறை சுட்டார், எத்தனை முறை தவறியது, எந்தத் தோட்டாவைக் கொண்டு சுட்டார் என்னும் மூன்று விடைகளும் கிடைக்காத புகழுரை கணக்கில் சேராது.

இரட்டைக் குழலின் சிறப்பும் இக்கணக்கில் விளங்கும். ஒவ்வொரு பொறியும் 50-க்கு ஒரு முறை தவறும் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் ஒருங்கே தவறுவது 2500-க்கு ஒரு முறைதான். ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று நிற்கும். பழைய வேட்டைக்காரர் அதனை விரும்பியதன் காரணம் இதுவே. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு: இரு தவறுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாய் இருக்க வேண்டும். இரண்டு குழலிலும் ஈரம் பட்ட ஒரே பெட்டித் தோட்டாவை ஏற்றியிருந்தால் அந்த 2500 என்னும் எண் காற்றோடு போகும். இடமும் வலமும் சேர்ந்தே ஊமையாகும்.

தோட்டாவும் மழைக்காலமும்

ஆகவே துப்பாக்கியைக் கேட்பதற்கு முன் தோட்டாவைக் கேட்க வேண்டும். உலகறிந்த ஒரு சான்று கூறுவோம். 1960-களில் வியட்நாம் போரில் அமெரிக்க வீரர் கையில் எம்-16 என்னும் புதிய துப்பாக்கி கொடுக்கப்பட்டது. துடைக்க வேண்டிய தேவையே மிகக் குறைவு என்று பேசப்பட்டதால் துடைக்கும் சாதனங்கள் போதிய அளவு அனுப்பப்படவில்லை. அதற்கிடையில் தோட்டாவின் மருந்தையும் மாற்றிவிட்டார்கள். களத்தில் வெறுந்தோட்டா சிக்கி வீரர் பலர் மடிந்தனர். 1967-இல் அந்நாட்டு மக்கள் மன்றக் குழுவே விசாரணை நடத்தியது. தோட்டாவின் அறைக்குக் குரோமியப் பூச்சு இட்டு, துடைக்கும் சாதனமும் பயிற்சியும் தந்த பின்னர் அதே துப்பாக்கி நற்பெயர் எடுத்தது. இரும்பு பெரிதும் மாறவில்லை. தோட்டாவும் பராமரிப்புமே பெயரைக் கெடுத்தன, பெயரைத் தந்தன.

நம் நாட்டில் 12 போர் தோட்டா நமக்கு அண்மையிலேயே, புனேயை அடுத்த கட்கியில் உள்ள வெடிபொருள் தொழிற்சாலையில், சக்திமான் என்னும் பெயரில் செய்யப்படுகிறது. தோட்டா நன்றாகவே இருக்கலாம். ஆனால் அது நம்மிடம் வந்த பின் என்ன ஆகிறது? ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப் போவதை நம் இல்லத்தரசியர் அறிவர். அதே காற்றில் காவலாளியின் இடுப்பு வாரில் மாதக்கணக்கில் செருகியிருக்கும் தோட்டாவின் பித்தளை அடி பச்சை பூக்கிறது. அட்டைக் கூடாயின் உப்பிக் குழலில் நுழைய மறுக்கிறது. அடித்தாலும் மருந்து பற்றாமல் போகலாம். அரைகுறையாய்ப் பற்றி, உள்ளடக்கம் குழலில் பாதி வழியில் நின்றும் போகலாம். அவ்வாறு நின்றதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். எனவே வெடியோசை மெலிந்து கேட்டால் உடனே நிறுத்திக் குழலுக்குள் பார்க்க வேண்டும். பயிற்சியின்போது விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையாயின், குழல் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே 30 விநாடி வைத்திருந்து பிறகே திறக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

இன்னும் இரு கண்ணிகள் உள்ளன. 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் குழலில் இட்டால் அது வழுக்கி உள்ளே சென்று தங்கிவிடும். குழல் காலியென்று நினைத்து 12 போர் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் பேராபத்து. 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் இடும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. அடுத்தது நீளம். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். தோட்டாவின் மேல் எழுதிய நீளம் வெடித்து விரிந்த பின் உள்ள நீளம். சுடாத தோட்டா மடிந்து குறுகி இருப்பதால் பழைய அறையிலும் எளிதாக நுழைந்துவிடும். நுழைகிறது என்பதனாலேயே பொருந்துகிறது என்று எண்ணற்க. குழலில் பொறித்துள்ள எண்ணைப் பாருங்கள்.

கருவியா, கையாள்பவரா?

துப்பாக்கி தவறும்போது குற்றம் யாருடையது என்னும் வழக்கு தீராத வழக்கு. ஈசாப்பூரிலும் கான்பூரிலும் நம் திருச்சிராப்பள்ளியிலும் உள்ள அரசுத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட இன்சாஸ் துப்பாக்கியின் கதை இதற்கு எடுத்துக்காட்டு. 1999-இல் கார்கில் பனியில் அதன் தோட்டாக் கூடு விரிசல் கண்டதாகவும் இயக்கம் சிக்கியதாகவும் குறை எழுந்தது. 2005-இல் நேபாளப் படை, நீண்ட நேரம் நடந்த சண்டை ஒன்றில் அது கைவிட்டதாக முறையிட்டது. முறையாகப் பயன்படுத்தாமையே காரணம் என்று இந்தியத் தரப்பு விடையிறுத்தது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கக் கூடும். ஆனால் காவல் நிற்பவர் இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் வேறு. தம் நிலைமையில், தம் தோட்டாவைக் கொண்டு, தம் கையால் சோதிக்கப்படாத கருவியைப் பற்றிப் பிறர் தரும் உறுதிமொழி ஆபத்து வேளையில் துணை வாராது.

நம் ரயில் நிலையத்திலேயே நடந்ததை இங்கு நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் எனப்படும் நிலையத்தில் இரு பயங்கரவாதிகள் புகுந்து சுட்டதில் 58 பேர் உயிரிழந்தனர். ஊருக்குச் செல்ல மூட்டை முடிச்சுகளுடன் காத்திருந்த எளிய மக்களே அவர்களுள் மிகுதி. காவலில் இருந்தோர் பலரிடம் இருந்தவை தடியும் பழைய .303 துப்பாக்கிகளுமே. ரயில்வே பாதுகாப்புப் படையின் ஜில்லு யாதவ் என்பார் சக காவலரிடமிருந்த .303 துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்து எறிந்தார். அந்த .303 வகை, மலிவுச் சரக்கோ மட்டச் சரக்கோ அன்று. முதல் உலகப் போரின் சேற்றிலும் இயங்கி உலகப் புகழ் பெற்ற கருவி அது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்ததே 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்றுதான். ஆனால் கருவிக்குப் புகழ் இருந்து என்ன? தாக்குதலைப் பின்னர் ஆராய்ந்த ராம் பிரதான் குழு, மும்பைக் காவலர் சுட்டுப் பழகுவதற்கு வேண்டிய தோட்டாக்கள் போதாமல் இருந்ததையும் சுட்டிக்காட்டியது.

அதே இரவில் அதே நிலையத்தில் மற்றொரு கருவி தவறாமல் இயங்கியது. அறிவிப்பாளர் விஷ்ணு தத்தாராம் ஜெண்டே, தம் அறையில் அமர்ந்து ஒலிபெருக்கியில் இடைவிடாது பேசி, பின்வாயில் வழியே வெளியேறுமாறு பயணிகளை நெறிப்படுத்தினார். அதனால் உயிர் பிழைத்தவர் மிகப் பலர். அந்த ஒலிபெருக்கி வீரத்துக்காகச் செய்யப்பட்டது அன்று. நாள்தோறும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை வண்டி வரவையும் போக்கையும் சொல்லிக்கொண்டே இருந்தது. பழுதானால் அன்றே தெரிந்தது, அன்றே திருத்தப்பட்டது. பேசுபவருக்கும் எந்தப் பொத்தான் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. நிலைக்கம்பில் ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்கும் கருவிக்கு இந்த வாய்ப்பு இல்லை. அது நல்லதா கெட்டதா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் நாள் ஆபத்து நாளாகவே அமைகிறது. நம்பகம் என்பது கடையில் வாங்கி வரும் பொருள் அன்று, பயன்படுத்திப் பயன்படுத்தி நாமே சேர்த்துக்கொள்வது என்று நாம் கருதுவது இதனால்தான்.

எந்தப் பக்கம் தவறுகிறது?

ரயில்வேயில் சிக்னல் கம்பி அறுந்தால் கை தானே ஆபத்து நிலைக்கு விழும், வண்டி நிற்கும். தவறினாலும் நன்மைப் பக்கமாகத் தவற வேண்டும் என்று முன்னோர் வகுத்த முறை அது. துப்பாக்கிக்கு அத்தகைய நன்மைப் பக்கம் இயல்பாக இல்லை. வங்கி வாயிலில் கைநழுவி விழுந்த துப்பாக்கி வெடித்து வாடிக்கையாளர் மடிந்த செய்திகளை நாளேடுகளில் காண்கிறோம். கொள்ளையரைச் சுட வேண்டிய நாள் ஒரு காவலாளியின் வாழ்வில் வராமலே போகலாம். துப்பாக்கி தவறி விழக்கூடிய நாளோ ஒவ்வொரு நாளும். ஆகவே நம்பகத்தை எடை போடும்போது "வெடிக்க வேண்டும்போது வெடிக்குமா?" என்பதைவிட "வெடிக்கக் கூடாதபோது வெடிக்காதிருக்குமா?" என்பதையே முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலான இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் சேஃப்டி என்னும் பூட்டு விசையை மட்டுமே தடுக்கும். உள்ளே சுத்தியைத் தாங்கும் கொண்டி தேய்ந்திருந்தால் அதிர்ச்சியில் அது விடுபடுவதைத் தடுக்காது. பூட்டைப் போட்டுவிட்டோம் என்று குழல் வாயை மக்கள் பக்கம் வைத்தல் ஆகாது.

அன்பருக்கு நாம் கூறுவது

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியை வாங்குவதாயின் உரிமம் பெற்ற வணிகரிடமே வாங்குங்கள். எண்ணும் முத்திரையும் அழிந்த துப்பாக்கியைக் கையால் தொடவும் வேண்டாம். வெற்றுத் துப்பாக்கி என்று திறந்து பார்த்து உறுதி செய்தபின், குழலை வெளிச்சத்தில் நோக்குங்கள். உள்ளே குழியோ வளையம் போன்ற நிழலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை அசைத்தால் மூட்டு ஆடக் கூடாது. வெற்றுப் பயிற்சித் தோட்டா இட்டு இரு விசையையும் பலமுறை இயக்கிப் பாருங்கள். அளவு மீறி இலேசாக விடுபட்டால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் செல்ல வேண்டும். பிறகு உரிய சுடுதளத்தில், தாம் காவலில் பயன்படுத்தப் போகும் அதே தோட்டாவைக் கொண்டு சுட்டு, வெறுந்தோட்டாவின் அடியைப் பாருங்கள். கேப்பில் ஊசிக் குறி நடுவிலும் ஆழமாகவும் விழுந்திருக்க வேண்டும். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாள், தோட்டாப் பெட்டி எண், சுட்டது எத்தனை, தவறியது எத்தனை என்று எழுதி வாருங்கள். அந்தப் புத்தகமே தங்கள் துப்பாக்கிக்கு உண்மையான சான்றிதழ்.

நிறுவனத்தாரிடமும் சில வினாக்களைத் தயங்காமல் கேட்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தனியார் காவல் நிறுவனச் சட்டப்படி காவலாளிக்குப் பயிற்சி அளிப்பது நிறுவனத்தின் கடமை. ஆண்டுக்கு எத்தனை முறை சுட்டுப் பழக வைப்பார்கள்? தோட்டாவின் செலவு யாருடையது? மழைக்காலம் முடிந்தபின் பழைய தோட்டாக்களை மாற்றித் தருவார்களா? துடைக்க எண்ணெயும் நேரமும் தருவார்களா? பணி முடிந்தபின் துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பது? 10-க்கு 12 அடி அறையில் மூன்று குழந்தைகளுடன் வாழும் காவலாளி அதனைக் கட்டிலின் அடியில் வைக்க நேருமாயின், அந்த மிகுதிச் சம்பளம் மிகக் குறைந்த சம்பளமே. இவ்வினாக்களுக்கு நேரான விடை வராத இடத்தில் தடியுடன் நிற்கும் வேலையே மேல் என்று துணிந்து கூறுவோம்.

குடும்பத் தலைவியருக்கும் ஒரு சொல். தங்கள் கணவரோ மகனோ துப்பாக்கியுடன் பணிக்குச் செல்பவராயின், "கடைசியாக அதைச் சுட்டுப் பார்த்தது எப்போது? தோட்டாவை மாற்றியது எப்போது?" என்று மாதம் ஒரு முறையேனும் கேளுங்கள். விடை சொல்ல அவர் தயங்கினால், அடுத்த விடுமுறை நாளில் அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். நேயர்கள் இது பற்றி மேலும் கேட்க விரும்பினால் எழுதுக. அறிந்தாரிடம் கேட்டு, அறிந்த அளவில் வரும் இதழ்களில் விடை கூறுவோம்.